அதிமதுரம் வேண்டாம் என்றார்கள்

செப்டம்பர் 14
வாய்க்கால் கரையில் அதிமதுர வேர் தோண்டி வந்தேன். எனக்கு எழுத்து வராது. மகன் கென்ஜபாய் காட்டிய பொத்தானை அழுத்திப் போனில் சொல்லி வைக்கிறேன். மனைவி அய்சனெம் காதில் விழாமல், மாட்டுக் கொட்டகையில் நின்று. அவள் மார்பில் இருப்பது புற்று என்று நூகுஸ் நகரத்து டாக்டரம்மா எனக்கும் மகனுக்கும் மட்டும்தான் சொன்னார். இதயம் பலவீனம், கத்தி வைக்க முடியாது, தினம் ஒரு மாத்திரை. நோயாளியின் காதில் அந்தப் பெயரைப் போடுவது எங்களிடம் வழக்கமில்லை. சாதாரணக் கட்டி என்றோம்.

செப்டம்பர் 22
மாத்திரை போட்டால் உடம்பு கொதிக்கிறதாம். வேர்க் கஷாயத்தில்தான் அடங்குகிறதாம். "ஏ கிழவா, கல்யாணமான நாள்லேர்ந்து நீ எனக்குச் செஞ்ச ஒரே நல்ல காரியம் இந்த வேருதான்" என்று சிரித்தாள். இன்னும் தோண்டினேன்.

அக்டோபர் 9
அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.
"தாத்தா, பொம்பளைங்க உடம்புல ஊறுற சுரப்பைத் தின்னு வளர்ற கட்டி இது. அந்தச் சுரப்பு கட்டிக்குள்ள போற வாசலை மாத்திரை அடைக்குது. அதிமதுரத்துல அந்தச் சுரப்பு மாதிரியே வேஷம் போடுற சத்து இருக்கு. கெடுதல்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இப்போ வேணாம்."
அந்தக் காலத்தில் பருத்திக்கு விமானத்தில் மருந்து தெளித்தார்களே, அதனாலா என்று கேட்டேன்.
"அதுலயும் சிலது அப்படி வேஷம் போடும். இவங்களுக்கு எதனால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது."
எனக்கு மறக்கவில்லை. விமானம் தாழ வரும்போது பருத்தி வயலில் பெண்கள் முக்காட்டை உருவி ரொட்டியைத்தான் மூடுவார்கள், முகத்தை அல்ல. கென்ஜபாய் வயிற்றில் இருந்த வருஷம் அய்சனெமின் வெள்ளை முக்காடு மஞ்சளாகிவிட்டது. துவைத்தும் போகவில்லை.

அக்டோபர் 10
"சொன்னா அம்மா ஒடஞ்சு போயிடுவாங்கப்பா" என்கிறான் கென்ஜபாய். அதனால், வேரும் மாத்திரையும் சேரக்கூடாது என்று மட்டும் அவளிடம் சொன்னேன். "சரி, சேக்கல" என்றாள். இவ்வளவு சுலபமா!

டிசம்பர் 3
மெத்தைகளுக்கு அடியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.
"ரெண்டும் சேரக்கூடாதுன்னியே. மாத்திரை கொதிக்க வைக்குது, வேர் குளிர வைக்குது. எதை விடுவேன்?"
ஐயோ, கிழவி, தப்பானதை விட்டுட்டியே. சும்மா ஒரு கட்டிக்கு எவ அந்தக் கொதிப்பைத் தாங்குவா? சாதாரணக் கட்டின்னு நான்தானே சொன்னேன் —

டிசம்பர் 4
மகனைக் கேட்கவில்லை. புற்று என்று பெயரோடு அவளிடம் சொல்லிவிட்டேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.
"டாக்டருக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், பையனுக்குத் தெரியும். கொட்டாயில நின்னு தனியாப் பேசுறியே, மாட்டுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?"
பிறகு கையைக் கழுவி, மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கினாள்.

ஜனவரி 6
பனி கொட்டுகிறது. கொதிப்பு வந்தால் கதவைத் திறந்து வாசலில் நிற்கிறாள். வேர் கேட்கவில்லை.

பிப்ரவரி 19
எலும்புக்குப் போய்விட்டது. என்ன சாப்பிடுகிறாள் என்று இந்த முறை டாக்டரம்மா கேட்கவில்லை. "புடிச்சதைக் குடுங்க தாத்தா" என்றார்.
ஆஸ்பத்திரி நடையில் கென்ஜபாய் என் காதருகே வந்தான். "கொணமாயிட்டு வருது, அதான் வேர் குடிக்கலாங்கிறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லிடுவோம்பா."
வீட்டுக்கு வந்ததும் அவள் என்னைத்தான் பார்த்தாள், அவனை அல்ல.
"எலும்புக்குப் போயிடுச்சு. இனிமே எதுக்கும் தடையில்லையாம்" என்றேன்.
வெகுநேரம் கிண்ணத்தின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
"அப்போ போய்த் தோண்டிட்டு வா. மண்ணு ஒறஞ்சு கெடக்கும், இடுப்பைப் பாத்துக்கோ கிழவா."
கடப்பாரையோடு போனேன். முதல் குத்துக்கு மண் இடம் கொடுக்கவில்லை.