அத்தைக்கு: என் இடுப்பை அளந்தாச்சு

அத்தை, உங்க மூத்த கொள்ளுப்பேரன் பெங்களூரில் ஊடு வாங்கிட்டான். அடுத்தவன் கருமத்தம்பட்டியில் சொந்தமா தறி போட்டிருக்கான். கடைக்குட்டி கவிதா உக்கடத்தில் பிசியோதெரபி பார்க்கறா. அவ நேத்து என் கீழ்முதுகில் பேனாவால் வெச்ச ரெண்டு கோடு குளிச்சும் அழியலையாம், மருமக சொன்னா. கேட்டதும் உங்க நெனப்பு வந்துபோட்டது.

என் கல்யாணத்தில் உங்க காலில் விழச் சொன்னாங்க. பாதி குனிஞ்சதுமே இடுப்பு கல்லாட்டம் நின்னுபோச்சு. "இடுப்பு வளையுதா பாருங்க! வளர்த்த லட்சணம்" என்று பந்தலுக்கே கேட்கச் சொன்னீங்க. வலிக்குதுங்கன்னேன். "நடிக்கறா" என்றீங்க. எங்கய்யன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கிட்டு வந்து, எனக்குப் பதிலா உங்க காலில் விழுந்தாரு. எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லலை. மக திமிர் பிடிச்சவன்னு நம்பியே அவர் போய்ச் சேர்ந்தாரு.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தோம். பொறந்ததிலிருந்தே கீழ்முதுகு எலும்புக ஒட்டிக் கிடக்குதுன்னு டாக்டர் சொன்னாரு.

நேத்து உங்க திதி. காரமடையிலிருந்து உங்க மகளும் வந்தாங்க. நீங்க சொன்ன பழியை இன்னைக்கும் சொல்லித் திரியறது அவங்கதானுங்களே. எல்லாரும் சாப்பிட்டதும், "கண்ணு, டேப்பை எடு"ன்னேன்.

கவிதா ரெண்டு பேர் முதுகிலும் ரெண்டு ரெண்டு கோடு போட்டா; முதுகு வளைஞ்சா கோடு விலகணுமாம். உங்க மக குனிஞ்சப்போ கோடு ரெண்டும் மூணு விரக்கடை விலகுச்சு. நான் குனிஞ்சேன். அரை விரக்கடைகூட நகரலை.

"ஏனம்மணி, நெசமாலுமே வராதா?" உங்க மக வாயில் கை வெச்சாங்க.

உங்க படத்துக்குப் பக்கத்தில் எங்கய்யன் படத்தை மாட்டியிருந்தேன். "அவரைப் பார்த்து, எங்கம்மா சொன்னது பொய்யின்னு சொல்லுங்க" என்றேன்.

முணுமுணுத்தாங்க.

"காதில் விழலைங்க."

"ஆத்தா, போதும் விடு" என்றா கவிதா.

"நீ சும்மா இரு சாமி."

கைகூப்பிச் சத்தமா சொன்னாங்க. சொந்தமெல்லாம் கேட்டுச்சு.

ஆனாலும் அத்தை, சொன்னது உங்க வாய் இல்லையே. செத்துட்டீங்கன்னு மன்னிக்க மாட்டேன். அந்த ஆத்திரத்தை நான் போற வரைக்கும் வெச்சிருப்பேன்.

உங்க மக கைகூப்பி நின்னதைக் கவிதா போட்டோ எடுத்திருக்கா. சொந்தக்காரங்க குரூப்பில் இன்னைக்கே போடு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன், எங்கய்யன் முகம் நல்லாத் தெரியறாப்பல.