அகலமான குழாயும் வெல்லக்கட்டியும்

1956, ஆடி முதல் வெள்ளி.

கிருஷ்ணகிரி டாக்டர் இன்று என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருபது வருஷம் அம்மி கொத்திய கல்தூசியால் நுரையீரல் முழுக்கத் தழும்பாம். அது சுருங்கச் சுருங்க, மூச்சுக்குழாய்களை இழுத்து அகலமாக்கிக் கோணலாக்கிவிட்டதாம்.

"குழா பெருசானா காத்து ஜாஸ்தி போவணுமே சாமி?"

"சளிதான்யா தங்கும். சுத்தியிருக்கிற நுரையீரல் இறுகிப்போச்சு. இனி பழையபடி ஆவாது."

ஊர்வம்பை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவன் நான். இப்போது பாதியிலேயே இளைக்கிறது, ஊருக்கு நிம்மதி.

வீட்டில் மனைவி வழக்கம்போல் வெல்லக்கட்டியை நீட்டினாள். தின்றால் தூசி இறங்கிவிடும் என்பது அவளுடைய இருபது வருஷ வைத்தியம்.

"டாக்டரு என்னய்யா சொன்னாரு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "வெல்லத்த நிறுத்தாதன்னாரு."

நாளையிலிருந்து இரண்டு கட்டி தருவாளாம்.