லியூவின் காகிதத்தில் முதல் வரி

மட்டாஞ்சேரி
1963, கும்ப மாசம் 5

சிரஞ்சீவி நீலகண்டனுக்கும் சௌபாக்கியவதி கமலாக்ஷிக்கும் அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் நானும் பகவான் வைத்தபடி இருக்கிறோம், டில்லிக் குளிரில் நீங்களும் குழந்தை ஜெயலக்ஷ்மியும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்று உடனே எழுதவும். உங்கள் ஆபீசில் சீனத் தூதுக்குழுக்களைக் கவனித்த பிரிவை மூடி உன்னை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், நேற்று வரை யார் ஆயுதமும் வேண்டாம் என்றவர்களே இப்போது அமெரிக்கா விமானங்கள் வந்து இறங்குவதைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயத்தை உனக்கு எழுத நான்கு தடவை காகிதம் எடுத்து நான்கு தடவையும் மடித்து வைத்துவிட்டேன், வெட்கமாக்கும் காரணம்.

பல் டாக்டர் லியூவை உனக்குத் தெரியும். சீனாவிலிருந்து வந்து முப்பது வருஷமாக இங்கே இருந்தவர், நம்மூர் த்ரேஸ்யாவைக் கட்டிக்கொண்டவர், மீன்காரியிடம் மலையாளத்தில் நம்மைவிட நன்றாகச் சண்டை போடுவார். என் பல்செட் அவர் கட்டியது. ஏழு வருஷத்துக்கு முன்னால் சீனாவிலிருந்து விருந்தாளிகள் வந்தபோது நான் ஆரத்தி எடுத்தேனே, அன்று பக்கத்தில் நின்று என் பேச்சை அவர்களுக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். அந்தப் போட்டோவை வாசல் அறையில் மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினேன். ஐப்பசியில் எல்லையில் சண்டை என்றதும் அதைக் கழற்றி அரிசிப்பெட்டிக்கு அடியில் தள்ளினேன். வாசகசாலையில் யுத்தநிதிக்குக் கூட்டம் போட்டார்கள், என் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன், மைக்கில் என் பேரைச் சொல்லிக் கை தட்டினார்கள், ஐந்தாம் கிளாஸோடு நின்றவளுக்குத் தலை கால் புரியவில்லை.

அடுத்த வாரமே லியூ ஒரு மாசத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவரை இங்கேயே இருக்க விடும்படி தெருவில் மனு எழுதினார்கள். நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும், எந்த மனுவானாலும் முதல் வரி எனக்கு, நான் முழுப் பேரையும் எழுதிய பிறகுதான் மற்றப் பெண்கள் கைநாட்டு வைப்பார்கள். த்ரேஸ்யாவே காகிதத்தைக் கொண்டுவந்தாள். என் பிள்ளை டில்லியில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறான், என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு சீதாலக்ஷ்மி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அப்படின்னா உங்க உப்புமாங்காய் இருக்கற சீனபரணி ஜாடியையும் வறுக்கற சீனச்சட்டியையும் காயல்ல கொண்டுபோய்ப் போடுங்கோ மாமி, அதுகளும் அந்தத் தேசந்தானே என்றாள். வாயை மூடடீ என்று அவளைத்தான் வைதேன். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார். லோகாம்பா மாமியே போடலையே என்று அப்புறம் தெருவில் ஒருத்தரும் போடவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் லியூ வந்தார், சண்டைக்கு முன்னால் நான் ஒட்டக் கொடுத்திருந்த கீழ்ப்பல்லைக் கொண்டுவந்திருந்தார். கடிச்சுப் பாருங்கோ மாமி, இனி உடைஞ்சா நான் இருக்க மாட்டேன் என்றார். படியிலேயே நிறுத்தி வைத்துக் கடித்துப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை, ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை. அவரும் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் போன நாளிலிருந்து அந்தப் பல்லை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால் சாதம் இறங்க மாட்டேன் என்கிறது.

உன் உத்தியோகத்துக்காக என்று சொன்னேனே, அது பொய்யாக்கும் நீலகண்டா. அந்தக் கைத்தட்டல் போய்விடுமோ என்று பயந்தேன், அவ்வளவுதான். டில்லியில் யாருக்கு யார் சிநேகம் என்பது மாறினால் அது பெரியவர்கள் பாடு. என் வாசற்படியில் நான் மாறினதற்கு எந்த சர்க்காரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை த்ரேஸ்யா வீட்டுக்குப் போனேன். இனி எதுக்கா மாமி, ஆளு போயாச்சே என்றாள். ஆனாலும் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து மனுவை எடுத்தாள். முதல் வரி காலியாகவே இருந்தது. அதில் என் முழுப் பேரையும் எழுதினேன். அங்கேயே சீதாலக்ஷ்மியையும் கூப்பிட்டுப் போடச் சொன்னேன், இப்போது பத்தொன்பது வீட்டார் போட்டாயிற்று. அவரைத் திரும்ப வர விட வேண்டும் என்று மேலே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். போட்டோவை மறுபடி மாட்டவில்லை, மாட்ட எனக்கு முகமில்லை.

மனுவை இதோடு வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்தால் நடக்குமோ அவரிடம் சேர்ப்பி. உனக்கு இடைஞ்சல் வருமென்றால் நீ கொடுக்க வேண்டாம், எனக்கே திருப்பி அனுப்பு, என் பேரிலேயே தபாலில் போடுகிறேன். கிழித்து மட்டும் போடாதே. குழந்தைக்குக் காதை மூடித் துணி கட்டு, கமலாக்ஷியை வெந்நீரில் குளிக்கச் சொல். எல்லோரும் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
மனுவின் முதல் வரியில் எழுதிய அதே கையால்,
உன் அம்மா
லோகாம்பாள்