அப்பாவின் நான்கு சட்டைகள்

பிப்ரவரி 6, திங்கள்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தமிழில் எழுதுவதால் பள்ளியில் யாராலும் படிக்க முடியாது. அம்மாவால் படிக்க முடியும், ஆனால் அவளுக்கு நேரம் கிடையாது.

முதல் உண்மை: அப்பா வீட்டில் இல்லை. அக்டோபரில் போனார். சண்டை போட்டுக்கொண்டுகூடப் போகவில்லை. பல் துலக்கும் பிரஷ்ஷையும் போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டார். நான்கு சட்டைகளையும் பழைய ஷூவையும் விட்டுவிட்டார். இப்போது இதே நகரத்தில், அவருடைய தங்கை வீட்டில், அதாவது என் அத்தை வீட்டில் இருக்கிறார்.

இரண்டாவது உண்மை: இது எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. அம்மா தெரிய விடவில்லை. அவளுக்குப் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் சட்டைகளைத் தேய்க்கிறாள். வார விடுமுறையான செவ்வாயன்று அப்பாவின் சட்டைகளை நனைத்து, பிழிந்து, பால்கனிக் கொடியில் போடுகிறாள். யாரும் போடாத சட்டைகள். பிழியும்போது தண்ணீர் சுத்தமாகவே வருகிறது. ஷூ வாசலில் இருக்கிறது. வேலை முடிந்து நேரம் கழித்து வரும் ஒருவருக்காக எரிவதுபோல வாசல் விளக்கு விடிய விடிய எரிகிறது.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நாலு பேர் பார்க்கிற இடம். ஆம்பளை இல்லாத வீடுன்னு தெரிஞ்சா ஆளாளுக்குப் பேசுவாங்க. நீ போய் கிளிப் எடுத்துட்டு வா."

போய் எடுத்து வந்தேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

மேல்மாடியில் ஓர் அக்கா இருக்கிறார், தமிழ்தான். எப்போதும் லிஃப்ட்டில்தான் அகப்படுவார், அதனால் எனக்கு அவர் லிஃப்ட் அக்கா. இன்று அம்மாவோடு போனபோதும் அகப்பட்டார்.

"உங்க வீட்டுக்காரரைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறீங்களே! பூட்டி வெச்சிருக்கீங்களா?"

"நைட் ஷிப்ட்டுக்கா. அவர் வரும்போது நீங்க தூங்குவீங்க. நீங்க எழுந்திருக்கும்போது அவர் தூங்குவார்."

"சட்டை மட்டும் என்னமா பளிச்சுனு காயுது! எங்க வீட்டு மனுஷன் பார்த்தா என்னைத்தான் குறை சொல்வார்."

அம்மா சிரித்தாள். நான் மாறும் மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, வெள்ளி

தபாலில் வந்தது. அப்பா விவாகரத்துக் கேட்டிருக்கிறார்.

அது மட்டுமில்லை. இந்த மனைவியோடு இனி எனக்கு வாழ்க்கை இல்லை என்று குடிவரவு அலுவலகத்துக்கும் எழுதிவிட்டார். எங்களுக்குச் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்!

இதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். அப்பா பல வருடம் முன்பே இங்கே வந்து குடியுரிமை வாங்கியவர். இரண்டு வருடத்துக்கு முன்தான் எங்களை அழைத்தார். அவருடைய மகள் என்பதால் எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்தது. அவருடைய மனைவி என்பதால் அம்மாவுக்குத் தங்கும் அனுமதி மட்டும். ஐந்து வருடம் மனைவியாக இருந்தால் அவளும் குடியுரிமை கேட்கலாம். நடுவில் மனைவியாக இல்லாமல் போனால் அனுமதியே இல்லை.

அப்பா போன் செய்தார். "உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. நீ இந்த நாட்டுக்காரி. அம்மா ஊருக்குப் போகட்டும், நீ அத்தை வீட்டுக்கு வந்துடு. ஸ்கூல் பஸ் வாசல்லயே நிக்கும்."

எனக்கு ஒன்றும் ஆகாதாம். பஸ் வாசலிலேயே நிற்குமாம்.

மார்ச் 7, செவ்வாய்

இன்றும் சட்டைகளைத் துவைத்தாள்.

மார்ச் 15, புதன்

நூலகத்தின் மாடியில் இலவசச் சட்ட உதவி என்று பலகை இருக்கும். புத்தகம் மாற்றப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். அம்மாவை நான்தான் அழைத்துப் போனேன். அங்கே தமிழ் தெரிந்த ஒரு வக்கீல் இருந்தார். பேசும்போதெல்லாம் பிஸ்கட் சாப்பிடுகிறார், மேசையெல்லாம் தூள்.

"ஒரே ஒரு வழி இருக்கும்மா. இந்த நாட்டுக் குழந்தையை வளர்க்கிற தாய்ங்கிற முறையில தனியாக் கேட்கலாம். ஆனா பொண்ணை வளர்க்கிறது நீங்க மட்டும்தான்னு காட்டணும். அவர் அந்த வீட்டுல இல்லைன்னு காட்டணும்."

"அதுக்கென்ன, அவர்தான் இல்லையே" என்றாள் அம்மா. வெளி ஆளிடம் அவள் இதைச் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். பிறகு கேட்டாள்: "அப்போ இந்த ரெண்டு வருஷம்?"

"மனைவியா இருந்த வருஷம்தானே? குடியுரிமைக்கு அது சேராது. மறுபடி ஒண்ணுலேர்ந்து."

"சமைச்சது துவைச்சது எதுவும் சேராதா?"

"சேராதும்மா." வக்கீல் பிஸ்கட் தட்டை அம்மா பக்கம் தள்ளினார். அம்மா ஒன்று எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும்வரை அது கையில்தான் இருந்தது.

மார்ச் 28, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பள்ளி விட்டு வந்தபோது குடிவரவு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வீட்டில் இருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்திருந்தார்கள். ஏன் இன்றைக்கு? செவ்வாய்க்கிழமை பார்த்தா வரவேண்டும்? அவர்களில் ஓர் அம்மையார் வாசலில் இருந்த ஷூவைப் படம் எடுத்தார். பால்கனிக்குப் போனார். நான்கு சட்டைகளும் சொட்டிக்கொண்டிருந்தன.

யாருடையது என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"அவரோடதுதான்" என்றாள் அம்மா. "ஆனா அவர் போடலை. யாரும் போடலை. நான் சும்மா துவைக்கிறேன்."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். தமிழில் கேட்டபோதாவது கொஞ்சம் புரிந்தது. அவர்கள் மொழியில் சொன்னபோது எனக்கே நம்ப முடியவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் மேல்மாடிக்குப் போய் விசாரித்தார்கள். லிஃப்ட் அக்கா எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறார்: நல்ல குடும்பம், தங்கமான மனுஷன், நைட் ஷிப்ட், பொண்டாட்டி வாராவாரம் சட்டை துவைத்துப் போடுவாள்.

தங்கமான மனுஷன்! நல்லா இருக்கு.

மார்ச் 31, வெள்ளி

வக்கீலுக்குக் கோபம். இன்று பிஸ்கட்டைத் தொடவில்லை. அப்பா இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறாராம்: மனைவியோடு வாழாவிட்டாலும் அந்த வீட்டுக்கு வந்து போகிறேன், மகளை நான்தான் கவனிக்கிறேன், அவள் என்னோடு இருப்பாள்.

"அவர் சொன்ன பொய்க்கு ஷூ, சட்டை, பக்கத்து வீட்டுச் சாட்சின்னு எல்லாத்தையும் நீங்களே ரெடி பண்ணி வெச்சிருக்கீங்களே, ஏம்மா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"சரி. அவரை நேர்ல பார்த்தவங்க யாரும் இருக்க முடியாதில்ல? அவர் இங்க இல்லைன்னு அக்கம்பக்கத்துல எழுதி வாங்கிட்டு வாங்க."

"எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

"எல்லார்கிட்டயும்."

பஸ்ஸில் அம்மா சொன்னாள்: "அதுக்கு நான் ஊருக்கே போயிடலாம்." அவள் போனால் நான்? அதை அவள் யோசித்தாளா?

ஏப்ரல் 8, சனி

அத்தை போன் செய்தார். அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணி, சண்டை சச்சரவு இல்லாம நல்லபடியாக் கிளம்புங்க. பொண்ணைப் பத்திக் கவலையே வேண்டாம். நான் வேலைக்குப் போற நேரம் என் சின்னதுங்களைப் பார்த்துக்கட்டும், கூடமாட ஒத்தாசையா இருப்பா. எந்நேரமும் புத்தகமும் கையுமா இருந்து என்ன ஆகப்போகுது?"

அம்மா மாவுக் கையோடு போனை அணைத்தாள். திரையில் அவள் விரல் வெள்ளையாகப் பதிந்தது.

ஏப்ரல் 9, ஞாயிறு

அம்மா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, காலையில் தலை வாரி, தேய்த்த உடை உடுத்திக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன். முதலில் லிஃப்ட் அக்கா வீடு. கதவு திறந்ததும் உள்ளே போகக்கூட இல்லை.

"அக்கா, எங்க வீட்டுக்காரர் எங்களை விட்டுட்டுப் போய் ஆறு மாசம் ஆச்சு. அவர் இங்க இல்லைன்னு நீங்க எழுதித் தரணும்."

அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். "அப்போ அந்தச் சட்டையெல்லாம்?"

"நான்தான் துவைச்சேன்."

"யார் போட்டா?"

"யாரும் போடலை."

"அடிப்பாவி! நான் அந்த ஆபீசர்கிட்ட தங்கமான மனுஷன்னு சொல்லித் தொலைச்சேனே!" தலையில் கை வைத்தார். பிறகு, "இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நானும் மனுஷனை அனுப்பிட்டுச் சட்டையை மட்டும் வெச்சிருந்திருப்பேனே" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டுக்காரர் இருமினார். அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அக்கா எழுதிக் கொடுத்தார்.

மற்ற வீடுகள் அப்படி இல்லை. கீழ்த்தளத்தில் ஒருவர், ஏன் போனார், உன் பேரில் என்ன தப்பு, வேறு யாராவதா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தேடினார். இன்னொரு வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தியதுமே உள்ளே பேச்சு ஆரம்பித்தது. படி இறங்கும்வரை கேட்டது. இத்தனை நாள் அம்மா எதை மூடி மறைத்தாளோ, அதையே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள். எல்லா இடத்திலும் "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

ஏப்ரல் 10, திங்கள்

லிஃப்ட்டில் நான் ஏறியதும் பேச்சு நின்றது.

ஜூன் 20, செவ்வாய்

விவாகரத்து ஆகிவிட்டது. கோர்ட்டில் ஒரு வகுப்பு நேரம்கூட ஆகவில்லை. அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். தேய்க்கத் தெரியாத யாரோ தேய்த்திருந்தார்கள், காலரில் மடிப்பு விழுந்திருந்தது. அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அம்மா அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 31, வியாழன்

முடிவு வந்தது. அம்மா இருக்கலாம்.

நான்தான் படித்துச் சொன்னேன். எனக்குப் பதினெட்டு ஆகும்வரை அனுமதி. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும்வரைதான் அது செல்லும். குடியுரிமைக்கான வருடங்கள் இன்றிலிருந்து. அவளுக்கு அதில் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள்: என்னைச் சார்ந்து தங்கியிருப்பவர்.

"முன்னாடி உங்கப்பா கையில. இப்போ உன் கையில" என்றாள் அம்மா. "என் கையில எப்போடி வரும்?"

மாலையில் கண்ணாடித் தம்ளரை உடைத்துவிட்டேன். வழக்கமாக இதற்கு அரை மணி நேரம் திட்டுவாள். இன்று வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். "பரவாயில்லை, கால்ல குத்திடப் போகுது, தள்ளி நில்லு" என்றாள். அத்தையிடம் பேசும்போது வருகிற அதே ஜாக்கிரதையான குரல். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவள் நாட்டை விட்டே போகவேண்டும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"திட்டும்மா" என்றேன். "எப்பவும் போலத் திட்டேன்."

"எதுக்குத் திட்டணும்? உடையறதுதானே."

குனிந்து கண்ணாடிச் சில்லுகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். நீலக் கோடு போட்ட துணி. அப்பாவின் சட்டையை நான்காகக் கிழித்திருந்தாள். மற்ற மூன்று துண்டுகளும் அடுப்படியில் இருக்கின்றன.

பிறகு வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தாள். நான் எழுதுவதைப் பார்த்து, "இன்னும் எழுதணுமா? அப்போ இது எரியட்டுமா?" என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம், தெருவிளக்கு வெளிச்சம் போதும் என்றேன். வாசல் விளக்கையும் அணைத்துவிட்டாள்.