குழாயடியில் நின்றுபோன ஊர்வலம்

மாப்ள,

இன்று காலை நம் தெருவில் தறிக்கான பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கஞ்சி தெளித்தார்கள். அந்த வாசனை ஜன்னல் வழியே வந்து என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தெருக்குழாய் மேடையில் உட்காரவைத்துவிட்டது. வலப்பக்கம் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். உன் உருவத்துக்கு அது போதாது. என்ன செய்வது, நகராட்சிக்காரர்கள் உன்னை அளக்காமல் மேடை கட்டிவிட்டார்கள்.

என் தங்கையைக் கட்டிக்கொண்டு நீ இந்தத் தெருவுக்கு வந்த அன்றே, பல்லவர்கள் விட்டுப்போன ராஜ்யத்தை நாம் இருவரும் எடுத்துக்கொண்டோம். கிழக்கு எல்லை சைக்கிள் கடை பெஞ்சு. உலகப் போர்களை அங்கேதான் முடித்துவைத்தோம். மேற்கே தேர் நிற்கும் தகரக் கொட்டகை. அதன் நிழலில் நீ விட்ட குறட்டையில் தேர் ஒரு முழம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். தலைநகரம் மட்டும் குளக்கரை. வடக்குப் படித்துறையில் ஓரம் உடைந்த கல் ஒன்று, சிம்மாசனம் மாதிரி. சாயங்காலம் அதில் உட்கார்ந்தால், பாலாற்றுக் காற்று செவிலிமேட்டில் பஸ் ஏறி நேரே நம் மடியில் வந்து இறங்கும்.

"மச்சான், சொர்க்கத்துல இப்பிடி ஒரு கல்லு இருக்குதான்னு கேட்டுட்டுதான் உள்ள போவணும்" என்பாய்.

நெஞ்சுவலி வந்து கட்டிலோடு கிடந்தபோது நீ கேட்டது அது ஒன்றைத்தான். அந்தக் கல்லில் இன்னொரு முறை உட்கார வேண்டும். தங்கச்சி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நீ வாயாலயே தேர இஸ்துக்கினு போவ. அவரால எழுந்து நிக்க முடியல."

"நிக்கவா போறேன்? உக்காரத்தானே போறேன்!" என்றாய். அழ வந்தவள் சிரித்துவிட்டாள். உன் தோளில் துண்டைப் போட்டு வழிவிட்டாள்.

சைக்கிள் ரிக்ஷாவைப் பட்டத்து யானை என்று அறிவித்தேன். கட்டியம் கூறிக்கொண்டே முன்னால் நடந்தேன். குழாயடி வரைக்கும்தான். அங்கே தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருந்தார்கள். கஞ்சி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்று வழி முழுக்கப் பள்ளம். உன் உடம்பு தாங்காது. உன் முகத்தைப் பார்த்த பாவுக்காரர், "எடுத்துடறேம்பா, நீங்க போங்க" என்று பாவைத் தாங்கிய கொம்பில் கை வைத்தார்.

"கைய எடுபா! ஈரத்துல எடுத்தா இழ ஒட்டிக்கும். எந்தக் கல்யாணப் பொண்ணு சேலயோ, அது வயித்தெரிச்சல் எனக்கு எதுக்கு? காயட்டும்" என்று நீதான் தடுத்தாய்.

காயட்டும் என்று இந்த மேடையில் உட்கார்ந்தோம். நான் சூரியனை அதட்டினேன். தாமல் ஏரியை ஒரே மடக்கில் குடித்தவன் நான், இந்தக் கஞ்சியையும் உறிஞ்சிவிடட்டுமா என்றேன். நீ சிரித்தாய், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அப்புறம் உன் தலை என் தோளில் சாய்ந்தது. அத்தனை பெரிய ஆளின் தலை, ஒன்றுமே கனக்கவில்லை.

பாவுக்காரர் பாவைச் சுருட்டி, "தெரு காலியாயிடுச்சி, போங்கபா" என்றபோது நீ கண் திறந்தாய்.

"முடியல மச்சான். ஊட்டுக்குப் போயிடலாம். கல்லு எங்க ஓடிடப் போவுது?"

குலுங்கக் கூடாதென்று ரிக்ஷாக்காரர் மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். மறுநாள் நல்ல மழை. மழை விட்டபோது நீ இல்லை.

கல் ஓடவில்லை, மாப்ள. நான்தான் அந்தப் பக்கம் போவதில்லை. ஏன் என்று கேட்கிற பிள்ளைகளிடம், குளத்துக்கு முதலை வந்திருக்கிறது, கோயில் யானையே பயந்து வேறு தெருவில் போகிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாதி நம்புகிறார்கள்.

இதோ, பாவைச் சுருட்டிவிட்டார்கள். "காலியாயிடுச்சி, போ மாமா" என்கிறார் அதே பாவுக்காரர். குளம் வரைக்கும் வழி திறந்து கிடக்கிறது. நான் வீட்டுப் பக்கம் திரும்புகிறேன். மெதுவாகத்தான் நடப்பேன். என் தோளில் உன் தலை இருக்கிறது, குலுங்கக் கூடாதே.