நீங்க கேட்ட தாள்

ஹைதராபாத்

அம்மாவுக்கு நவநீதன் எழுதுவது. நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி குறைஞ்சுதுங்களா?

போனில் நீங்க அழுததால் பேச முடியல. தம்பி சிவக்குமார், வேண்டாம்னு சொன்ன பொண்டாட்டியைப் பலவந்தம் பண்ணியிருக்கான். மைதிலி ஜேடர்பாளையத்துக்கு, அவங்கப்பா ஊட்டுக்குப் போயிட்டா. நீங்க என்ன சொன்னீங்க? "அப்பன் ரத்தம் சாமி, அவன் என்ன பண்ணுவான்? நீ மரபணு ஆய்வகத்துல இருக்கிறவன். பரம்பரைக் கோளாறுன்னு ஒரு தாள் எழுதிக் குடு, பங்காளிக பேசிக் கூட்டியாந்துருவாங்க."

குணத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறைக்கல. முன்கோபம் வரலாம். ஆனா கதவைச் சாத்துற கை ரத்தத்துல வராது. நானும் அவனும் ஒரே கரு ரெண்டாப் பிரிஞ்சு பிறந்தவங்க. அவன் ரத்தம் அப்படியே எனக்குள்ளயும் ஓடுது. நேத்து ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் அவன் முகம் தெரிஞ்சுது, கன்னத்தைக் கீறிக்கிட்டேன். சின்னக் காயம்தான்.

அப்பாகிட்ட நீங்க பட்டதுக்கும் தாத்தா ரத்தம்னுதான் பங்காளிக சொன்னாங்க. நீங்க நம்புனீங்க.

கொள்ளுப்பொடி அனுப்புங்க, இங்கே சோறு இறங்கல. எனக்குப் பொண்ணு பார்க்கிறதை நிறுத்துங்க.

ஆய்வக வண்டி வந்துருச்சு. நீங்க கேட்ட தாள் இதுதான். பங்காளிககிட்ட வேண்டாம், மைதிலிகிட்டக் குடுங்க.

நவநீதன்