மலையடியில் என் மூக்கு

2 ஜூன் 1935, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடே மலையடிக்குப் போனேன். நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளியின் மகன் ஆபித் பாஷா, மரச்சட்டத்தில் துணி ஒட்டி இன்ஜின் இல்லாத விமானம் செய்திருக்கிறார். கிளைடராம். எட்டுப் பேர் ரப்பர் கயிற்றை இழுத்துவிட்டால் மேட்டிலிருந்து எழும்பும். இதில் எனக்கு என்ன உத்தியோகம்? மோந்து பார்ப்பது.

"காத்து ஊர்லருந்து வந்து மலைமேல ஏறினா என்னைத் தூக்கும், சுந்தர்ராஜ். மலைக்கு அந்தாண்டருந்து வந்தா உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் சுருண்டு விழும். அதுல மாட்டினா அவ்ளோதான். கீழ நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது, இலைகூட ஆடாது" என்றார்.

ஊர்க் காற்றென்றால் ஷாப்பு நாற்றம் வரும். வந்தது. "வருது பாய்" என்றேன். பத்து நிமிஷம் பறந்து இறங்கினார்.

16 ஜூன், ஞாயிறு

நாற்றம் வரவில்லை. வேண்டாமென்றேன். மறுபேச்சில்லாமல் கிளைடரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார். முதலாளி மகன் என் பேச்சைக் கேட்கிறார்! வீட்டில் சொன்னேன். "உங்க மூக்குக்கு வந்த வாழ்வப் பாரு" என்று சிரித்தாள் என் மனைவி இன்பம்.

20 ஜூலை, சனி

பாய் விழுந்துவிட்டார். மலையை நெருங்கினதும் ஒரு இறக்கை தூக்கியது, அப்படியே புரட்டிப் பாறையில் போட்டது. நான்தான் வருதுன்னு சொன்னேன். வந்துதே. நல்லாத்தானே வந்துது.

21 ஜூலை

அடக்கம். கடைசியில் நின்றேன். அழுகை வரவில்லை. கைகால் யாருடையதோ மாதிரி இருக்கிறது.

22 ஜூலை

ஊறவைக்க எடுத்த சட்டையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்பம் கேட்டாள்: "இதைப் போட்டுக்கினுதானா அன்னிக்கு மலைக்குப் போனீங்க? இன்னா நாத்தம்!"

ஆமாம். சனிக்கிழமை, மதியம் வரை உப்புத்தோல் இறக்கினேன். பாய் அவசரப்படுத்தினார். குளிக்கவில்லை. ஷாப்புச் சட்டையோடே போனேன்.

ஐயோ, என்னையே மோந்துக்கினு வருதுன்னு சொல்லியிருக்கேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

முதலாளி கூப்பிட்டார். "நடுவுல காத்து மாறிடுச்சாப்பா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

சாப்பிட்டேன். தூங்கினேன். இதையும் எழுதிவிட்டேன்.

19 ஆகஸ்ட்

ஆம்பூர் ஷாப்பிலிருந்து நின்றுவிட்டேன். குடியாத்தத்தில் தறி வேலை.

17 நவம்பர், ஞாயிறு

ஆம்பூருக்குப் போனேன். ரயில் நிற்கும் முன்பே நாற்றம் முகத்தில் அடித்தது. பதினாறு வருஷம் இதற்குள்ளேயா இருந்தேன்? துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தேன்.

முதலாளி ஷாப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். காற்று மாறவில்லை, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, என் சட்டை நாற்றத்தை ஊர்க் காற்றென்று சொல்லிவிட்டேன் என்று. திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

தன் சட்டைக் கையை மூக்குக்குக் கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார்.

"எனக்கு நாத்தம் ஒண்ணும் வர்லியேப்பா" என்றார்.